நாய், பூனை உள்ள வீட்டில் கம்பளத்தின் வாடை மழைக்காலத்தில் மட்டும் திரும்பி வருவது ஏன்?

மழைமேகம் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். ஆதம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நானும் என் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். எங்களோடு செவலை என்ற ஒன்பது வயதுப் பெண் நாயும், இரண்டு வயது ஆண் பூனை ஒன்றும் வளர்கின்றன. இரண்டும் தெருவிலிருந்து எடுத்து வந்தவை. இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்தாகிவிட்டது.

கூடத்தில் இரண்டு கம்பளங்கள் விரித்திருக்கிறோம். ஒன்று, என் அப்பா வாரணாசியில் ரயில்வே பணியில் இருந்தபோது 1998-இல் பதோஹியில் வாங்கி வந்தது. ஆறடிக்கு நான்கடி இருக்கும், அடர்சிவப்பில் கருநீலப் பூக்கள். அப்பா இப்போது இல்லை. மற்றொன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபர்னிச்சர் கடையில் வாங்கியது. காலை வைத்தால் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவில்லை.

கோடையில் வாடை இருப்பதே தெரிவதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் காலையில் கூடத்துக் கதவைத் திறக்கும்போதே மூத்திர நெடி முகத்தில் அடிக்கிறது. ஆப்பசோடாவைத் தூவிப் பார்த்தேன், ஓரங்களைப் பினாயில் போட்டுத் துடைத்தேன், நாள்தோறும் சாம்பிராணியும் போடுகிறோம். போன மாதம் வீட்டுக்கே வந்து ஷாம்பூ போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தை அழைத்து இரண்டையும் சுத்தம் செய்தேன். இரண்டு நாள் எலுமிச்சை மணம் வீசியது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகிவிட்டது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் அம்மா. அப்பா வாங்கிய கம்பளத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தறிநாடா (கோயம்புத்தூர்)

சகோதரிக்கு வணக்கம். கம்பளம் கழுவிப் பழுது பார்க்கும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். எதைப் போட்டுக் கழுவலாம் என்று கேட்பதற்கு முன்னால், இரண்டு கம்பளங்களையும் திருப்பிப் போட்டு அவற்றின் முதுகைப் பாருங்கள். மேலே இருக்கும் பூவும் நிறமும் எதையும் சொல்லாது. கம்பளத்தின் ஜாதகம் அதன் முதுகில்தான் எழுதியிருக்கும்.

மேற்புறத்துப் பூ வேலைப்பாடு அப்படியே பின்புறத்திலும் தெரிந்து, சிறு சிறு முடிச்சுகளாகக் கையில் நெருடினால், அது கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பருத்தி நூல்களான பாவின் மேல் கம்பளி நூலை ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு நெய்வார்கள். அதில் பசை என்பதே கிடையாது என்பதால், முறையாகச் செய்தால் முழுக்க நனைத்துக் கழுவலாம். பின்புறத்தில் பூ தெரியாமல் ஒரு முரட்டுத் துணி மட்டும் ஒட்டியிருந்தால், அது டஃப்டட் என்னும் வகை. துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, நூல் உருவிக்கொண்டு வராமலிருக்க ரப்பர் பால் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டி மறைத்துவிடுவார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வாடை விஷயத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு உண்டு.

இழை கம்பளியா, செயற்கை நூலா என்று அறிய, உதிர்ந்த இழை ஒன்றை இடுக்கியில் பிடித்து அடுப்பங்கரைத் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

ஷாம்பூ போட்ட பிறகு வாடை ஏன் கூடியது என்பதற்கும் விடை முதுகில்தான் உள்ளது. நாய் மேலே விட்ட ஈரம் உள்ளங்கை அளவு இருந்தால், அது கீழே இறங்கும்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவுகிறது. வீட்டுக்கு வந்து செய்பவர்கள் மேல் இழையில் நுரை பூசி, மேலிருக்கும் நீரை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள். கீழே காய்ந்து கிடந்த உப்பு நனைந்து கரைந்து, காயும்போது இழைகளின் வழியாக மேலே ஏறி வந்திருக்கும். தொழிலில் நாங்கள் அன்றாடம் காண்பது இது.

ஆய்வுக்கூடம் (மதுரை)

கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில், தறிநாடா அவர்கள் சொன்ன உப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

புதிதாக விழுந்த சிறுநீரில் நெடி குறைவு. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணை எரிக்கும் அம்மோனியா வெளிப்படுகிறது. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலமும் உண்டு. அது சிதையும்போது வரும் கந்தகச் சேர்மங்களே பூனைக்கு உரிய அந்தத் தனி வீச்சத்தைத் தருகின்றன. கருத்தடை செய்யாத கடுவன் பூனைகளின் சிறுநீரில் ஃபெலினின் கூடுதல். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் காய்ந்த உப்புகள் இழுத்துக்கொள்கின்றன. கம்பளி இழையும் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததே தெரியாத வகையில், உள்வாங்கக் கூடியது. ஈரம் வந்ததும் நுண்ணுயிர்கள் மறுபடி வேலையைத் தொடங்க, நெடி எழுகிறது. கோடையில் உங்கள் கம்பளம் சுத்தமாக இருக்கவில்லை, காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இணையத்தில் எங்கு பார்த்தாலும் யூரிக் அமிலப் படிகங்களே இந்த நாற்றத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கும். மனிதர்களுக்கு யூரிக் அமிலம் சிறுநீரில் வருவது உண்மை. நாய்க்கும் பூனைக்கும் அதைச் சிதைக்கும் நொதி இருப்பதால், பெரும்பகுதி அலன்டோயின் என்ற, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாறியே வெளியேறுகிறது. டால்மேஷன் இன நாய்கள் இதற்கு விலக்கு. ஆகவே இதற்கென்றே தனி மருந்து என்று விற்பதை நம்பி ஏமாற வேண்டாம். போதிய நீர் உள்ளே போய், போன நீர் முழுவதும் வெளியே வந்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

பலர் செய்யும் மூன்று தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கும், பார்ப்பதற்கு வேலை நடப்பது போலத் தோன்றும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அம்மோனியாவின் காரத்தைத் தணிக்க வினிகரைத் தனியாக, மூன்று பங்கு நீரில் கலந்து பயன்படுத்துங்கள். சோடாவைப் பிறகு, முழுதும் காய்ந்த கம்பளத்தில், வாடையை இழுப்பதற்காகத் தூவலாம். அடுத்து, பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ சிறுநீர் உள்ள இடத்தில் படவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு உருவாகும், போதாக்குறைக்குக் கம்பளி இழையையும் அது கரைத்துவிடும். மூன்றாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 விழுக்காட்டுக் கரைசல். சம அளவு நீர் சேர்த்து 3 விழுக்காடாக்கினாலும் வெளிர்நிறச் செயற்கை இழைக்கு மட்டுமே அது ஆகும். அப்பாவின் சிவப்புக் கம்பளத்தில் பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும்.

நான் பரிந்துரைப்பது, வளர்ப்பு விலங்குகளின் கறைக்கென்று விற்கும் நொதித் திரவத்தை. அதை ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, குறைந்தது ஓர் இரவு காயாமல் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

தறிநாடா (கோயம்புத்தூர்)

ஐயா விளக்கியது எனக்கே பயன்பட்டது. ஆனால் கடைசிப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நொதித் திரவங்களில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. கம்பளியும் பட்டும் புரதம்தானே? ஓர் இரவு முழுக்க அதில் ஊறவிட்ட கம்பளிக் கம்பளத்தைக் கையில் வாங்கி, தடவிய இடத்தில் இழை மொரமொரப்பாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செயற்கை இழைக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். கம்பளிக்கு ஏற்றது என்று புட்டியிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தால் ஒழிய, கம்பளியிலும் பட்டிலும் வேண்டவே வேண்டாம்.

ஆய்வுக்கூடம் (மதுரை)

தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது என்பதை அறிந்தும் நான் பொதுவாகச் சொன்னது பிழைதான். செயற்கை இழைக்கும் பருத்திக்கும் மட்டும் என் பரிந்துரையை வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பயன்படுத்தும்போதும், சோப்போ வினிகரோ முன்பே போட்டிருந்தால் அதை நீரால் அலசி எடுத்த பிறகுதான் நொதித் திரவத்தை ஊற்ற வேண்டும்.

கொட்டில் (தஞ்சாவூர்)

நான் கால்நடை மருத்துவர். கம்பளத்தைப் பற்றி இங்கே பேசுபவர்களைவிட எனக்குக் குறைவாகவே தெரியும். மழைமேகம் எழுதியதில் ஒரு சொல்லைக் கண்டதும் பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். பினால் வகைப் பொருள்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பூனை அந்த ஈரத்தில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். கருப்புப் பினாயில் மட்டுமல்ல, பைன் எண்ணெய் சேர்ந்த வெள்ளைப் பினாயிலும் ஆகாது. நீலகிரித் தைலம், தேயிலை மர எண்ணெய், கம்பளத்தைச் சுருட்டும்போது உள்ளே வைக்கும் அந்துருண்டை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். சாம்பிராணி நச்சில்லை என்றாலும், மூடிய கூடத்தில் அன்றாடம் புகை போடுவது ஆஸ்துமா உள்ள பூனைக்குத் துன்பம். அதோடு, வாடையைப் பூசி மெழுகுவதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

இனி ஒரு கேள்வி. செவலை கூடத்தில் உட்கார்ந்து சிறுநீர் கழிப்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? அல்லது அது தூங்கி எழுந்து போன பிறகு அந்த இடம் ஈரமாக இருக்கிறதா? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? பூனை மணல் தட்டில்தான் போகிறதா?

மழைமேகம் (சென்னை)

டாக்டர் அம்மாவோ ஐயாவோ தெரியவில்லை, மிக்க நன்றி. பினாயில் புட்டியை அம்மாவே எடுத்துக் கழிவறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

நேற்று இரவு விழித்திருந்து கவனித்தேன். செவலை ஒருமுறைகூட உட்காரவில்லை. புதிய கம்பளத்தின் மேல் சுருண்டு தூங்கியது, நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது. அது படுத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக நனைந்திருந்தது. அதன் பின்னங்கால் முடியும் ஈரமாக இருந்தது. இத்தனை நாளும் வெளியே கூட்டிப் போகத் தாமதமானதால் வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிப்பதாகத் தெரியவில்லை. பூனை தட்டைத்தான் பயன்படுத்துகிறது.

கம்பளங்களையும் திருப்பிப் பார்த்தேன். அப்பா வாங்கியதில் பூக்கள் அப்படியே முதுகிலும் தெரிகின்றன, இழையைக் கொளுத்தியதில் முடி கருகும் வாடை வந்தது. புதியதில் முரட்டுத் துணி ஒட்டியிருக்கிறது. அப்பாவின் கம்பளத்து முதுகின் ஒரு மூலையில் வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று தைத்திருக்கிறது. அதில் அவர் பால்பாயிண்ட் பேனாவால் வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் யாரும் திருப்பிப் பார்த்ததே இல்லை. கழுவினால் அந்த எழுத்து போய்விடுமா?

கொட்டில் (தஞ்சாவூர்)

கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்த் தாரையை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடுவது உண்டு. தூக்கத்தில் அதற்கே தெரியாமல் கசியும். அதை அதட்டிப் பயனில்லை, அது அறியாத ஒன்று. பெரும்பாலும் மருந்திலேயே கட்டுக்குள் வரும். ஆனால் நோய்த்தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் சென்னையில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். கசிவு நிற்கும்வரை கம்பளத்தை எத்தனை முறை கழுவினாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான்.

பூனை வளர்க்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஆண் பூனை தட்டில் அடிக்கடி உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். தட்டை விட்டுத் திடீரென்று கம்பளத்தில் போகத் தொடங்கிய பூனையையும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் குறை இல்லை என்றால் தட்டைக் கவனியுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும், நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும்.

பனிமுகில் (ஸ்கார்பரோ)

கனடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலைமை சற்று வேறு. இங்கே பல வாடகை வீடுகளில் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளத்தைத் தரையோடு பதித்தே வைத்திருப்பார்கள், திருப்பிப் பார்க்கவோ மாடிக்கு எடுத்துப் போகவோ முடியாது. முந்தைய குடியிருப்பாளரின் பூனை விட்டுச் சென்ற வாடையோடு நாங்கள் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. ஜூலை வந்து புழுக்கம் தொடங்கினால் நிலவறை முழுவதும் வீசும். மழைமேகம் சொன்ன அதே கதைதான், மாதம் மட்டும் வேறு.

கடைசியில் வீட்டுக்காரரின் ஒப்புதலோடு ஒரு மூலையில் கம்பளத்தைக் கிளப்பினோம். கம்பளத்துக்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு மெத்தை, அதற்கும் அடியில் ஒட்டுப்பலகைத் தரை. கம்பளத்தில் கறையே தெரியாத இடத்தில் பஞ்சு பழுப்பேறி இறுகியிருந்தது. பலகையில் கருவட்டம். சுவரோரம் கம்பளத்தைப் பிடித்திருக்கும் ஆணிப்பட்டையும் ஊறிப்போயிருந்தது. அந்தப் பஞ்சை வெட்டி எறிந்து, ஆணிப்பட்டையை மாற்றி, பலகையைக் காயவிட்டு, அரக்கு அடிப்படையிலான ப்ரைமரை இரண்டு கோட் அடித்தோம். அது வாடையை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு புதுப் பஞ்சு வைத்து, கம்பளத்தின் முதுகை நொதித் திரவத்தால் நனைத்து, உறிஞ்சி, காயவைத்துத் திரும்பப் பதித்தோம். எங்களுடையது நைலான் என்பதால் நொதித் திரவத்துக்குத் தடையில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்கப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால் காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சளாகத் தெரியும். சோப்புக் கறையும் ஒளிரக் கூடும் என்பதால் முகர்ந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். நீராவிக் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன். அந்தச் சூட்டில் கறை இழையோடு ஒட்டிக்கொண்டது.

தறிநாடா (கோயம்புத்தூர்)

சகோதரி, முதலில் மனத்துக்குக் கசப்பான செய்தி. புதிய கம்பளத்தை விட்டுவிடுங்கள். டஃப்டட் கம்பளத்தில் சிறுநீர் இரண்டு துணிகளுக்கும் நடுவே உள்ள ரப்பர் பசையில் போய்த் தங்கிவிடும். கழுவினால் பசை விட்டுப்போகும், கழுவாவிட்டால் வாடை போகாது. நான்கு ஆண்டுகளாக ஊறியதைக் காப்பாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அப்பாவின் கம்பளம் பிழைக்கும். அந்த எழுத்தும் பிழைக்கும். பால்பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது என்பதால் வெறும் நீரில் எளிதில் போகாது. ஆனால் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்த மூலையில் பிரஷ் வைக்கவும் கூடாது. எதற்கும் முன்கூட்டியே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கழுவ வேண்டாம். கார்த்திகை மழையில் நனைத்தால் உள்ளிருக்கும் பருத்திப் பாவு காயாமல் பூஞ்சை பிடித்து, பாவு இற்றுவிடும், அதன்பிறகு கம்பளத்தை மடித்தாலே நூல் முறியும். தை பிறக்கட்டும், தொடர்ந்து மூன்று நாள் வெயில் உள்ள வாரமாகப் பாருங்கள். அதுவரை சுருட்டாமல் விரித்த நிலையிலேயே ஒரு கயிற்றுக் கட்டிலிலோ இரண்டு பெஞ்சுகளின் மேலோ போட்டு, கீழும் மேலும் காற்று படும்படி வைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள்.

கழுவும் முறை இது. முதல் நாள், நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைச் சிவப்பிலும் நீலத்திலும் தனித்தனியே பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் இறங்கினால் கையை வைக்காமல் என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நிறம் இறங்கவில்லை என்றால், அன்றே தூசியை எடுத்துவிடுங்கள். கம்பளத்தைக் குப்புறப் போட்டு, முதுகை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போனால் ஒரு முறம் மண் கொட்டும். இந்த மண்ணோடு நனைத்தால் சேறாகி அடியில் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மொட்டை மாடியைக் கழுவிவிட்டு, சற்றே சரிவுள்ள பக்கமாக விரித்து, பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுங்கள். வெந்நீர் கூடாது. கறை உள்ள இடத்தில் முதுகுப் பக்கமிருந்தும் ஊற்ற வேண்டும். ஊற வைத்து வடிகட்டிய பூந்திக்கொட்டைத் தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்த சோப்பு கம்பளிக்குக் கிடையாது. இல்லையென்றால் கம்பளித் துணிகளுக்கான திரவ சோப்பைச் சிறிதளவு எடுத்துக்கொள்ளுங்கள். துணி சோப்புத் தூள் காரம் மிகுந்தது, அதைத் தொடவே வேண்டாம். மென்மையான பிரஷால் இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே தேயுங்கள். பிறகு வாளி நீரை ஊற்றுவதும், தரையில் தண்ணீர் தள்ளும் ரப்பர் தள்ளியால் இழையின் திசையில் அழுத்தித் தள்ளுவதுமாக, வெளியேறும் நீர் தெளியும்வரை விடாமல் செய்ய வேண்டும். அவசரப்பட்டு இதில் குறை வைப்பவர்களுக்குத்தான் வாடை திரும்புகிறது. கடைசி வாளியில் பத்து லிட்டருக்கு ஒரு தம்ளர் வினிகர். சோப்பின் காரம் போய் நிறம் பளிச்சென்று நிற்கும்.

நீர் வடிந்ததும் பழைய வேட்டிகளை விரித்து, கம்பளத்தோடு சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்துப் பிரியுங்கள். கட்டிலின் மேல் குப்புறப் போட்டுக் காயவையுங்கள். முகம் மேலே இருந்தால் வெயிலில் நிறம் மங்கும். மேல் காய்ந்துவிட்டது என்று ஏமாறாமல், முடிச்சுகளின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள்.

பவானிக்கரை (ஈரோடு)

தெள்ளுப்பூச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுத வந்தேன். நாயின் உடம்பில் நாம் பார்க்கும் பூச்சிகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். முட்டைகள் உதிர்ந்து கம்பளத்துக்குள் விழுந்து, புழுவாகி, கூட்டுக்குள் புகுந்து மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வு பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த அன்றே எல்லோரையும் கடிப்பது இதனால்தான். வாரம் இருமுறை வேக்குவம் கிளீனரை மெதுவாக, இரண்டு திசையிலும் ஓட்டி, சேர்ந்த குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். நாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்தையும் தவறாமல் கொடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் மற்றொன்றிலிருந்து திரும்ப வரும். உண்ணி கம்பளத்தைவிடச் சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும்தான் முட்டை வைக்கும், அங்கேயும் பாருங்கள். வேக்குவத்தில் வராத முடியை, ரப்பர் கையுறையைச் சற்று ஈரமாக்கித் தடவினால் திரளாக வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். நாய் பூனை உள்ள வீட்டில், அவை அன்றாடம் படுக்கும் இடத்துக்கு எங்கள் பவானி ஜமுக்காளத்தைப் போல வசதியானது வேறில்லை. பருத்தி ஜமுக்காளமாகப் பார்த்து வாங்குங்கள், பட்டு நூல் கலந்தது வேண்டாம். இழை தூக்கி நிற்காததால் முடி உள்ளே போகாது, பசையும் கிடையாது, துவைத்து மாடியில் போட்டால் நல்ல வெயிலில் அன்றே காய்ந்துவிடும். முதல் முறை மட்டும் தனியாகத் துவைத்து, நிறம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றும், விசைத்தறியில் நெய்த மலிவு விரிப்புகள் அதே பெயரில் விற்பதால் எங்கள் கைத்தறிக்காரர்களுக்குப் பிழைப்பு குறைந்துவருகிறது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மழைமேகம் (சென்னை)

இரண்டு மாதங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறேன். பதிலே போடாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும், முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

செவலைக்கு எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். தொற்றில்லை, சர்க்கரை இல்லை, தசைத் தளர்ச்சிதான் என்று உறுதியாயிற்று. மருந்து தொடங்கி இரண்டாவது வாரத்திலிருந்து படுக்கை காய்ந்தே இருக்கிறது. விட்டுவிடாமல் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

புதிய கம்பளத்தைப் போடுவதற்கு முன் ஆர்வத்தில் பின்துணியை ஒரு மூலையில் பிரித்துப் பார்த்தேன். ரப்பர் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது, அந்த நெடியில் இருமலே வந்துவிட்டது. தறிநாடா அண்ணன் சொன்னபோது மனத்துக்குள் சற்றுக் கோபம் வந்தது உண்மை. பிரித்துப் பார்த்த பிறகு கோபம் இல்லை.

அப்பாவின் கம்பளத்தை டார்ச் அடித்துப் பார்த்ததில் ஐந்து இடங்கள் தெரிந்தன, நான்கு ஒரே ஓரத்தில். நிறச் சோதனையில் துணி வெள்ளையாகவே இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் மாடியில் கழுவினோம். முதல் வாளிக்கு வெளியே வந்த நீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நான்காவது வாளிக்கு வெறும் தேநீர். பதினோராவது வாளியில்தான் தெளிந்தது. ஐந்தாவது வாளியோடு நிறுத்திவிடலாம் என்றார் அம்மா, பிறகு அவரே தள்ளியை வாங்கிக்கொண்டார். இரண்டரை நாள் காய்ந்தது. எழுத்து அப்படியே இருக்கிறது. நேற்றுத் திடீர் மழை பெய்தபோது முழங்காலிட்டு, டார்ச்சில் தெரிந்த ஒவ்வொரு இடத்தையும் முகர்ந்து பார்த்தேன். நான்கில் கம்பளி வாடை மட்டும்தான். ஐந்தாவதில், மூக்கை ஒட்டி வைத்தால், மிக மெல்லிதாக இன்னும் ஏதோ இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்? இனிமேல் தவறி ஈரமானால் உடனே செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள்.

தறிநாடா (கோயம்புத்தூர்)

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்த ஓர் இடத்துக்காக முழுவதையும் மறுபடி நனைக்க வேண்டாம். அந்த இடத்தின் அடியில் ஒரு தட்டு வைத்து, மூன்று பங்கு நீரில் ஒரு பங்கு வினிகர் கலந்து அரை லிட்டர் அளவுக்கு மெதுவாக ஊற்றி, தட்டில் இறங்குவதைக் கொட்டிவிட்டு, வெறும் நீரால் மூன்று முறை அதேபோல் அலசி, வேட்டியால் அழுத்தி எடுத்துக் காயவையுங்கள். பங்குனி வெயில் வரும்வரை பொறுத்துச் செய்தால் இன்னும் நல்லது.

புதிதாக ஈரமானால் தேய்க்கக் கூடாது. பழைய வேட்டியை எட்டாக மடித்து வைத்து, அதன்மேல் ஏறி நின்று, காய்ந்த மடிப்பாக மாற்றி மாற்றி ஒற்றி எடுங்கள். வேட்டியில் ஈரம் ஏறுவது நின்றதும் அரை தம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். இப்படி நான்கு முறை. பிறகு அந்தப் பகுதியைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் ஒரு மணையைக் கொடுத்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். கம்பளத்துக்கு அடியில் ரப்பர் பாய் எதுவும் போட வேண்டாம், ஈரம் அங்கே தங்கும். வழுக்கினால் வலை போன்ற விரிப்பு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பளத்தைத் தூக்கித் தரையைத் துடையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள்.

மழைமேகம் (சென்னை)

அப்படியே செய்கிறேன், அண்ணா. செவலைக்குப் பவானியிலிருந்து இரண்டு பருத்தி ஜமுக்காளங்கள் வரவழைத்திருக்கிறோம். ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று.